ரோஜாவுக்குக் காய்ச்சிய புகையிலை

எங்கள் வீட்டில் அப்பா யார் பேச்சையும் கேட்கமாட்டார். ரோஜாச் செடிகளுக்கு வாய் இருந்தால் ஒருவேளை அவை சொல்வதைக் கேட்பார் என்று அம்மா கேலி செய்வார். செமோரில் ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு மலிவுவிலை வீடு. அதன் வாசலில் பழைய பெயிண்ட் வாளிகளில் வரிசையாக ரோஜாக்கள் நின்றன. ஃபேக்டரி ஆட்களைக் கேமரன் மலைக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது அப்பா வாங்கி வந்தவை. மலைக்குளிரில் வளர்ந்த செடி இந்த வெயிலில் பிழைக்காது என்று தெருவே சொன்னது. தெரு அப்படிச் சொன்னதாலேயே அப்பா அவற்றைப் பிழைக்க வைத்தார்.

அப்பா ஃபேக்டரி பஸ் ஓட்டினார். விடிவதற்கு முன்பே கிளம்பி ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு திரும்புவார். பஸ்ஸுக்குள் சிகரெட் பிடிக்க முடியாது. அதனால் புகையிலை போடப் பழகியவர் அதிலிருந்து மீளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புந்தோங்கில் ஒரு கடையில் காய்ந்த புகையிலையைக் கட்டாக வாங்கி வந்து மைலோ டின்னில் அடைத்து வைப்பார். அதில் ஒரு துண்டைக் கிள்ளி இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். அப்பாக்கள் எல்லாருக்குமே ஒரு கன்னம் உப்பியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் அவரை அப்படித்தான் வரைந்தேன். ஆசிரியை பல்வலியா என்று கேட்டார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அந்தக் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. காரம் பட்டால் எரிந்தது. அம்மா விடாப்பிடியாக நின்று அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புகையிலையை இன்றோடு விடுங்கள் என்றார். விட்டால் திட்டு தானாகவே மறையக்கூடும், விடாவிட்டால் அது கெட்ட வியாதியாக மாறக்கூடும், மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சதையை வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

வீடு வந்து சேரும்வரை அப்பா டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"போயில இல்லாம ஸ்டேரிங்க புடிச்சா தூங்கிருவேன்லா. பஸ் பூரா ஆளுங்க இருக்கு. யார் பதில் சொல்றது?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அதன் முன்னே நின்றார். முகம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் பூச்செடிப் பண்ணையில் வேலை. நாற்று எடுப்பது, உரம் போடுவது, பூச்சி பார்ப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. கிளினிக்குக்குப் போய்வந்த சில நாட்களில் அம்மா எனக்கு ஒரு ரகசிய வேலை கொடுத்தார். நான் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் பாலர் பள்ளி ஒன்று உண்டு. அதன் வேலியில் செம்பருத்தி மண்டிக்கிடக்கும். அதன் குச்சிகளில் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல வெள்ளை மாவுப்பூச்சிகள் அப்பியிருக்கும். அப்படி ஒரு குச்சியை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். எதற்கு என்று கேட்டேன்.

"பாவம்லா, அங்க எடம் பத்தாம நெருக்கிக்கிட்டுக் கெடக்கு. நம்ம வீட்ல நல்ல செடி இருக்குல்ல, அதுல விட்டுருவோம். அப்பாகிட்ட மட்டும் சொல்லாத."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாங்களும் தோட்டத்து லயத்து வீட்டில் இடம் பத்தாமல்தானே தாமானுக்கு வந்தோம். அம்மாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாள் காலை நான் வேலியருகே குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் காலி பஸ் அந்தப் பக்கமாகப் போனது. ஹாரன் அடிக்கவில்லை, வேகம் குறையவும் இல்லை. நல்லவேளை, பார்க்கவில்லை என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ரோஜாக்களில் பூச்சி ஏறியதைக் கண்ட அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தன் வாய்க்குள் இருந்த வெள்ளைக்குக் கலங்காதவர் செடியில் இருந்த வெள்ளைக்குக் கலங்கிப்போய், பழைய பல்துலக்கியால் இலையிலையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா துணி காயப்போட்டபடியே, பண்ணையில் இதற்குத் தவுக்கே புகையிலையைக் காய்ச்சித்தான் அடிப்பார் என்று சொன்னார். அப்பா கொஞ்சநேரம் மைலோ டின்னையும் செடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரைக்கட்டு எடுத்து நீட்டினார். அம்மா கையை நீட்டவே இல்லை. அந்த வாடை தனக்கு ஒத்துக்காது, நீங்களே காய்ச்சுங்கள் என்றுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் காய்ச்சும் வேலை தொடங்கியது. மூடி உடைந்து மூலையில் கிடந்த ரைஸ் குக்கருக்கு மறுவாழ்வு கிடைத்தது. அப்பா பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறையை மாட்டிக்கொண்டு புகையிலையைப் பிய்த்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினார். சோறு வேகிற மாதிரியே சிவப்பு விளக்கு எரிந்தது. துணிக்கொடியைத் தாண்டி நான் வரக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். நின்ற இடத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, இது என்ன ரசம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். தேங்காய்ப்பால் பிழியும் பழைய துணியில் வடிகட்டியபோது பால் ஊற்றாத கோப்பி ஓ நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கியது. அதில் இன்னும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து, கண்ணாடி துடைக்கும் மருந்து வந்த பாட்டிலில் ஊற்றிச் செடிகளுக்கு அடித்தார். யாரும் மறந்துபோய் அதில் சமைத்துவிடக் கூடாது என்று குக்கரின் காதில் சிவப்புக் கயிறு கட்டி வெளியிலேயே வைத்தார்.

மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அப்பா வாசலில் குந்தியிருந்தார். பூச்சிகள் கறுத்துச் சுருங்கி வாளி மண்ணில் உதிர்ந்து கிடந்தன. செடி பிழைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சந்தோஷப்படவில்லை. அவருடைய நாக்கு உள்ளிருந்து இடது கன்னத்தைத் தடவுவது வெளியே தெரிந்தது.

"இவ்ளோ தண்ணி கலந்துமே இந்தக் கதியா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

அதற்குப் பிறகும் நான் குச்சி கொண்டுவந்தேன், செடியில் பூச்சி ஏறியது, அப்பா காய்ச்சினார். பூச்சிகளை அன்போடு குடியேற்றிவிட்டு ஏன் கொல்கிறோம் என்பது மட்டும் எனக்கு இடித்தது. பெரியவர்கள் காரியம் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் குக்கருக்குள் போகும் புகையிலை கூடியது, கன்னத்துக்குள் போவது குறைந்தது. அந்த வாடையை ஞாயிறு முழுக்கச் சுமந்தவருக்குத் திங்கட்கிழமை டின்னைத் திறந்தாலே குமட்டியது. ஆனாலும் அது லேசான காரியமில்லை. எரிந்து விழுந்தார். உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பஸ்ஸை ஓரம் கட்டி முகம் கழுவிக்கொண்டு ஓட்டுகிறார் என்று அந்த பஸ்ஸில் போகும் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து சொன்னார். அந்த அக்காவே அவருக்கு அசாம்போய் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புளிப்புக் கொட்டை கன்னத்தில் இருக்கும்வரை தூக்கம் கிட்டே வராதாம்.

கடைசியில் ஒரு ஞாயிறு டின்னில் இருந்ததை எல்லாம் அப்படியே குக்கரில் கவிழ்த்தார். டின்னையும் கழுவி வெயிலில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை புந்தோங்கிலிருந்து அவர் கொண்டுவந்த பொட்டலத்தில் சூடாக மசால் வடை இருந்தது. அம்மா ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே நின்றார்.

மூன்று மாதம் ஆனதும் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துத் தேடினார். திட்டு நன்றாக மங்கிச் சுருங்கிவிட்டது, வெட்ட வேண்டிய தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார். திரும்பும்போது அம்மா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பண்ணைக் கதை, தவுக்கேயின் பூனைக் கதை, எல்லாம். அம்மாவுக்கு இவ்வளவு பேச வருமென்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தோம். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ரோஜாக்கள் பூச்சியின்றிச் சுத்தமாக இருந்தன. அது எனக்கு என்னவோ குறையாகப் பட்டது. ரகசியம் என்பதை மறந்து, இன்றைக்குப் பூச்சி கொண்டுவரவா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

அம்மாவின் தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

அப்பா தலை நிமிராமல் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

"இனிமே வேணாம்லா. அந்தப் பாலர் பள்ளி வேலிப் பக்கம் போவாத. பாம்பு இருக்கும்."

எந்த வேலி என்று நான் சொல்லவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் தோசை கருகியது. அப்பா அந்தக் கருகிய தோசையையே கேட்டு வாங்கி, நிதானமாக, இரண்டு கன்னத்திலும் மென்று சாப்பிட்டார். நல்ல தோசை கருகினதற்கு அம்மா ஏன் சிரிக்கிறார், சிரிக்கும்போது ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாம்பு மட்டும்தான் விளங்கியது. அதற்குப் பயந்து வெகுநாள் சுற்றுவழியில்தான் பள்ளிக்குப் போனேன்.