மாமியார் கண்டுபிடித்த சண்டை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் நீலவிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுநீரில் நனைத்தால் நீலமாகி, கிட்னி கெட ஆரம்பித்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டை ஒன்றைப் பல வருடம் மெனக்கெட்டு உருவாக்கியிருந்தாள். பட்டை நீலமாகிறதோ இல்லையோ, அவள் விரல்கள் நிரந்தர நீலம்.

பட்டை சொல்வது நிஜம்தானா என்று தெரிய, அதே நோயாளிகளின் கிட்னித் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கு இருந்த ஒரே ஆள் அவளுடைய கணவர்.

இருவரின் முடிவுகளையும் வாங்கிப் பூட்டிவைக்கும் புள்ளியியல்காரர் முன்கூட்டியே எச்சரித்தார்.

"ஒருத்தர் விடையைப் பார்த்து இன்னொருத்தர் எழுதினா அது பரீட்சை இல்ல, காப்பி. வீட்ல ஒரு நோயாளியப் பத்திப் பேசினீங்கன்னு சந்தேகம் வந்தாக்கூட மொத்த ஆய்வும் குப்பைக்குத்தான்."

"வீட்ல வேற என்ன சார் பேசுறது?" என்றார் கணவர்.

நியாயமான கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தம்பதி கிட்னியைத் தவிர எதையும் பேசியதில்லை.

வீடு அமைதியானது. மனைவியின் முகத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடுமோ என்று அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அவள் தட்டைப் பார்த்தாள். மாமியார் இருவரையும் பார்த்தார். பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் சண்டை."

"சண்டையே இல்ல அத்தை."

"இல்லேன்னு சொல்றதே அதுக்கு அறிகுறிதான்."

இந்தப் பரிசோதனையில் யாரும் தேற முடியாது.

"ஆபீஸ் விஷயம் அத்தை. பேசக்கூடாதுன்னு உத்தரவு."

"புருஷன் பொண்டாட்டி பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டவன் எவன்? நம்பரைக் குடு. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

மருமகளுக்கு உயிரே போனது. அத்தை போன் போட்டு, ஆய்வைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது என்று புள்ளியியல்காரருக்குச் சந்தேகம் தட்டினால் அத்தனை வருட உழைப்பும் காலி. மனைவியைக் காப்பாற்றக் கணவர் துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"இவ குறட்டை விடுறாம்மா. தூக்கமே இல்ல. அதான் கோவம்."

"நானா?" என்றாள் நீலவிரல். "நானா குறட்டை விடுறேன்?"

அன்றிலிருந்து இருவரும் நிஜமாகவே பேசிக்கொள்ளவில்லை. ஆய்வுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

முடிவுகளைத் திறந்த நாளில் புள்ளியியல்காரர் சிரித்தார்.

"நோய் இருந்தவங்களைப் பட்டை அநேகமா விடவே இல்ல. நல்லா இருக்கிற சிலரையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். முதல்ல சலிச்சுப் பார்க்கத் தாராளமாப் போதும். நீலமானவங்களை மறுபடி சோதிச்சுக்கலாம்."

"எங்கம்மா மாதிரின்னு சொல்லுங்க" என்றார் கணவர். நீலவிரல் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாமியார் அசரவில்லை. "நான் எங்கடா தப்பாப் பிடிச்சேன்? சண்டை வந்துச்சா, இல்லையா?"

வந்தது உண்மைதான். குறட்டை வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. தீர்ப்புச் சொல்பவர், உள்ளே தூங்குவது யார் என்றே தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது நீலவிரலின் நிபந்தனை.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார மாமியார் தயார். புள்ளியியல்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற தாய்க்கு மகனின் குறட்டை அடையாளம் தெரிந்துவிடுமாம்.