அண்ணா வெட்டிய இரண்டு அத்திவாரங்கள்

அண்ணா காலமாகி முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். அண்ணாவுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பது ஒரு காரணம். மற்றது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் எனக்கு இட்ட கட்டளை.

"மலர் எண்டு ஒண்டு அடிப்பியள்தானே. அதிலை என்னைத் தெய்வமாக்கிப் போடாதை, தங்கச்சி. என்ரை பிழையையும் எழுது. எழுத ஏலாட்டி அடிக்கவே வேண்டாம்."

ஆகவே அந்தப் பிழையை மறைக்காமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டு யாரும் என்னோடு கோபிக்க வேண்டாம்.

அண்ணா வடமராட்சியில் பிறந்தார். எங்கள் ஐயா, எங்களைப் பெற்ற தகப்பன், வீடு கட்டும் மேசன். ஐயா காலமானபோது அண்ணா எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையே புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு ஐயாவின் மேசன் சாமான்களைத் தூக்கினார். எங்கள் வீட்டை அவர் மூன்று தரம் கட்டினார். இரண்டு தரம் ஷெல் விழுந்தது. மூன்றாம் தரம் கூரை போட முதலே நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம்.

கனடாவுக்கு முதலில் வந்தவர் அண்ணா. அஜின்கோர்ட்டில் அவர் இருந்த தெருவின் முனையில் ஒரு தேவாலயம் இருந்தது. முதல் குளிருக்கு அவருக்குக் கோட்டும் சப்பாத்தும் தந்தவர்கள் அந்தச் சபையார்தான். அவர்களின் வாசற்படி உடைந்து கிடந்ததைப் பார்த்த அண்ணா, பனி கரைந்ததும் யாரையும் கேளாமல் அதைத் திருத்திக் கொடுத்தார். அன்று தொடங்கிய பழக்கம் கடைசிவரை விடவில்லை. பிறகு கொங்கிறீற் வேலைக்குப் போய் அம்மாவையும் என்னையும் இங்கே எடுப்பித்தார், என்னைக் கட்டிக்கொடுத்தார், அண்ணியைக் கைப்பிடித்தார். அண்ணியின் கோபத்துக்கு மட்டும் பயந்து, வேறு எதற்கும் பயப்படாமல் வாழ்ந்தார்.

ஓய்வு எடுத்த பிறகு வீட்டில் இருந்தாரா என்றால் இல்லை. அந்தச் சபை தென்சூடானில் ஒரு ஊருக்கு உதவி செய்துகொண்டிருந்தது. சண்டையில் எரிந்துபோன ஊர் அது. சனங்கள் தறப்பாள் விரிப்பைக் கூரையாகக் கட்டி அதற்குக் கீழே இருந்தார்கள். சபையார் முதலில் சாப்பாடும் தறப்பாளும் அனுப்பினார்கள், பிறகு விதை அனுப்பினார்கள், குழாய்க்கிணறு அடித்தார்கள். எரிந்த தேவாலயத்தை எழுப்ப முதல் பிள்ளை பெறுவதற்கு ஒரு விடுதி வேண்டும் என்று அந்த ஊர்ச் சனங்கள் கேட்டார்கள். கட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று சபையின் பாஸ்ரர் விசாரித்த அன்றே அண்ணா, "நான் வாறன்" என்றாராம்.

ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீட்டுக் குடிபூரலில் இந்தக் கதை பரவியது. அண்ணா சைவத்தை விட்டுக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார் என்று சிலர் குசுகுசுத்தார்கள். திருநீற்றோடு நின்ற அண்ணா சோற்றுக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவையள் வீடில்லாமல் இருக்கினம். நானும் அப்பிடி இருந்தனான். இதிலை என்ன மாற இருக்கு?" குசுகுசுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். இன்று அவர்களும் வந்திருப்பதால் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் கொஞ்சம் வெட்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். குழி தோண்டும் அலவாங்கு கல்லில் பட்டுக் கணீரென்று ஒலித்தால் அத்திவாரத்துக்கு அந்த ஆழம் போதும். அண்ணா தென்சூடானுக்குப் போனது அங்கே மழையில்லாத கோடையில். அந்த ஊரின் கறுப்புக் களிமண் காய்ந்து இறுகிக் கிடந்தது. முழங்கால் ஆழத்தில் அலவாங்கு இறங்க மறுத்தது. கல் வந்துவிட்டது என்று எண்ணி அதோடு நிறுத்திவிட்டார். அந்த ஊர் மருத்துவிச்சி மேரி, தாய்மாரைத் தறப்பாளுக்குள் வைத்துப் பிள்ளை பெறுவித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். இந்த மண் மழைக்கு எழும்பும், வெயிலுக்குத் தாழும், இன்னும் ஆழமாக வெட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணா சிரித்தார். சிறு வயது முதல் அத்திவாரம் வெட்டியவருக்கு ஒரு மருத்துவிச்சி பாடம் சொல்வதா என்ற சிரிப்பு அது. இதை அவரே என்னிடம் சொல்லி, அப்படியே எழுதச் சொன்னார்.

விடுதி எழும்பியது. அண்ணா திரும்பி வந்தார். தேவாலயத்தில் அந்தக் கட்டடத்தின் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். மழைக்காலம் தொடங்கியதும் மேரி ஒரு படம் அனுப்பினார். யன்னலின் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு. அதற்குள் அவருடைய கை மணிக்கட்டுவரை போயிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணா சபைக்கு முன்னால் போய் நின்று, "பிழை என்னுடையது" என்றார். அந்த நிலம் அப்படி, யார் கட்டினாலும் வெடித்திருக்கும் என்று பாஸ்ரர் ஆறுதல் சொன்னார். அண்ணா அதை ஏற்கவில்லை. சுவரில் இருந்த படத்தைத் தானே கழற்றினார். ஒருவரையும் உள்ளே விட வேண்டாம் என்று மேரிக்குச் சொல்லிவிட்டார். தாய்மார் மறுபடியும் தறப்பாளுக்குக் கீழே போனார்கள்.

அங்கே மழை விட்டதும் மறு கோடைக்குப் போகப் போகிறேன் என்றபோது அவருடைய இருதயம் பலவீனமாக இருந்தது. டொக்டர் மறித்தார். அண்ணி, "இஞ்சருங்கோ, போனால் நான் உங்களோடை கதைக்க மாட்டன்" என்றார். நான் இருக்கும் அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலை நெரிசலில் வந்து சேர்ந்த எரிச்சலில் இன்னும் மோசமாகப் பேசினேன்.

"உங்களுக்குப் பேர் கெட்டுப்போடும் எண்ட பயம், அண்ணா."

"பேர் எப்பவோ போட்டுது. நான் கட்டினது இடிஞ்சு ஒரு தாயும் பிள்ளையும் அதுக்குள்ளை செத்துப்போனால், நான் எங்கை போய் நிக்கிறது?"

அன்று பேசியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

போனார். இந்த முறை எவ்வளவு ஆழம் என்று மேரியைத்தான் கேட்டார். சுவருக்குக் கீழே ஒரு துண்டைத் தோண்டி, கொங்கிறீற் நிரப்பி, அது இறுகிய பிறகு அடுத்த துண்டு. ஆள் நின்றால் தலை மறையும் ஆழம். அந்த ஊர்ச் சனங்கள் இறங்கி வெட்ட, அண்ணா மேலே கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். வெடித்த சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் அத்திவாரத்துக்கு வராதபடி வாய்க்கால் வைத்தார்கள். கடைசியாக, முன்பு வெடித்த மூலைகளில் கண்ணாடித் துண்டுகளைச் சுவரில் குறுக்காகச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுக்கும், அது மேசன்மாரின் வழக்கம். அந்தக் கண்ணாடி, அவர் கழற்றிய படச் சட்டத்தில் இருந்தது. இங்கிருந்தே வெட்டிக் கொண்டு போயிருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணாடி உடையாமல் இருந்தால்தான் தாய்மார் உள்ளே வரலாம் என்று மேரியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வந்த பிறகு உடம்பு விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் ஒரே கேள்வி. "மழை எப்பிடியாம்?" வெளியே நல்ல வெயில் என்று தாதி யன்னல் திரையை விலக்கிக் காட்டுவார். எந்த ஊர் மழையை அவர் கேட்கிறார் என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். அந்த மழைக்காலம் முடியும்வரை அண்ணா இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. நான் கோயிலில் வைத்தேன், பாஸ்ரர் தேவாலயத்தில் வைத்தார்.

இங்கே மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் மேரியின் வீடியோ வந்தது. அவர் சுவரை ஒட்டி நடந்து ஒவ்வொரு மூலையிலும் நின்று கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார். எல்லாம் முழுசாக இருந்தன. மழை முடிந்துவிட்டது, இனி தாய்மாரை உள்ளே கொண்டு வரலாமா என்று கேட்டார். அண்ணா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "ஓம் எண்டு சொல்லு, தங்கச்சி" என்றார். ஓம், தாய்மாரைக் கொண்டு வரலாம் என்று நான் மேரிக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அண்ணியிடம் சோறும் மீன் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல கிழமைகளாக அவர் எதையும் கேட்டதில்லை.

சில நாட்களில் அமைதியாகப் போய்விட்டார். இழப்பு பெரிதுதான். ஆனாலும் அந்த "ஓம்" சொல்லாமல் போயிருந்தால் நாங்கள் இப்படி மூச்சு விட்டிருக்க மாட்டோம். எங்கள் வீட்டில் இன்று அழுகையை விட நிம்மதிதான் கூட.

அண்ணாவைப் பார்த்த டொக்டர்மார், மழைக் கேள்விக்குச் சலிக்காமல் திரை விலக்கிய தாதி, முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அஜின்கோர்ட் அயலவர், கிரியைகளை நடத்திய ஐயர், அந்தக் கிரியைகளுக்குச் சபையாரோடு வந்து கடைசி வரிசையில் நின்ற பாஸ்ரர், அத்திவாரத்துக்குள் இறங்கி வெட்டிய அந்த ஊர்ச் சனங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரில் ஒன்றைப் பாஸ்ரர் தென்சூடானுக்குக் கொண்டு போகிறார். கீழே உள்ள வரியை மேரிக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணா சொல்லச் சொல்ல நான் எழுதியது, ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"மேரி, நீங்கள் முதலே சொன்னனீங்கள். நான் சிரிச்சனான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."