அறிமுகக் கூட்டத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம்

ஓய்வு பெற்ற மறு வருடம் நான் மாணவன் ஆனேன். ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து வெளியே வந்தவன், ஏற்றுமதி மேலாண்மையில் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் மற்ற எல்லோரும் என் மகனைவிடச் சின்னவர்கள். பாடத்தில் எனக்குக் கஷ்டம் இல்லை. சுங்க விதிகளை மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல் படித்தேன். வினை கடைசிப் பருவத்தில் வந்தது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும்; இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்; கிடைக்காவிட்டால் பட்டயம் கிடையாது. ஒரகடம் தொழிற்சாலைகள் முதல் காந்தி ரோடு பட்டுக் கடைகள் வரை விண்ணப்பித்தேன். பிறந்த தேதியைப் படித்ததும் எல்லோரும் ஊமையாகிவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி, கல்லூரி ஏற்பாடு செய்திருந்த நெட்வொர்க்கிங் மீட். நிறுவனத்தாரும் மாணவர்களும் சந்தித்துப் பேசுவார்களாம்.

நான் முறைப்படி தயாரானேன். மேலொப்பமிட்ட நகல்களுடன் விண்ணப்பம், மூன்று பிரதிகள். சட்டைப் பையில் புள்ளி விழாத ஓர் எலுமிச்சம்பழம். மேலதிகாரியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது அலுவலகத்தில் கற்றது. புத்தாண்டன்று ஆட்சியர் அறை வாசலில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்போம். பூங்கொத்தைக்கூட மறுக்கிற நேர்மையான அதிகாரி, எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். புறப்படும்போது மனைவி அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடுதான் கூட்டத்துக்குப் போனேன்.

ஓட்டல் மாடியில் கூட்டம். அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. நெஞ்சு உயரத்துக்கு வட்ட மேசைகள், அவற்றைச் சுற்றி எல்லோரும் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இல்லை, வரவேற்புரை இல்லை, யார் பெரியவர் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அலுவலகத்தில் நாற்காலியின் முதுகு உயரத்தை வைத்தே ஆளை எடைபோடலாம். இங்கே சுவரோரம் நின்று சமோசா தின்றேன்.

என் வகுப்பில் படிக்கும் தென்னேரி ஊர்ப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அங்கிள், தூண் மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க? போய்ப் பேசுங்க."

"அவங்க பேசி முடிக்கட்டும்மா."

"அவங்க எங்க முடிக்கப் போறாங்க? நடுவுல பூந்துடணும். அதோ அந்த மேடம், பட்டு எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர். ரெண்டு பேர எடுக்கறாங்களாம்."

மேலாளருக்கு முப்பது வயது இருக்கலாம். கட்டையாக வெட்டிய முடி, காலில் வெள்ளை ஷூ. நான் அவரிடமிருந்து நாலடி தள்ளி, விண்ணப்பக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்து நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேசினார்கள். ஒருவன் கைபேசியில் எதையோ காட்டினான், இருவரும் சிரித்தார்கள், அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. இடம் கேட்பதற்கு அவ்வளவுதான் நடைமுறை.

ஒருவழியாக மேலாளர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க?"

நான் லேசாகக் குனிந்து, இரண்டு கையாலும் பழத்தை நீட்டினேன். அவர் பழத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். ஒவ்வொரு காலாக ஷூவைக் கழற்றினார். பழத்தை இரு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மன் கோயில் பிரசாதமா சார்? காலையிலேருந்து ஒரு கன்டெய்னர் ஹார்பர்ல மாட்டிக்கினு இருக்குது. இனிமே அது கிளியர் ஆயிடும்."

ஆபீஸில் எலுமிச்சம்பழம் கீழேயிருந்து மேலே போகும். கோயிலில் மேலேயிருந்து கீழே வரும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்ய? பக்கத்து மேசையிலிருந்து வேறு இரண்டு கைகள் நீண்டன. "எங்களுக்கு இல்லையா சார்?"

"இது பிரசாதம் இல்லம்மா. நான் ஸ்டூடண்ட். ட்ரெயினிங்குக்கு இடம் கேட்டு வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தென்னேரிப் பெண்தான் காப்பாற்ற வந்தாள். "நிஜமாதான் மேடம். எங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட் பெஞ்சே அங்கிள்தான்."

மேலாளரின் சிரிப்பு நின்றது. என் விண்ணப்பத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தார். அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

"பேப்பர் சுத்தமா இருக்குது சார். ஆனா உங்கள வெச்சுக்கினு 'அந்தப் பெட்டிய ஒட்டு, இந்தச் சேலைய எண்ணு'ன்னு எனக்கு எப்படி சார் வாய் வரும்?"

"தாராளமா சொல்லுங்கம்மா. செய்யறேன்."

"ஷூவ கழட்டிட்டு உங்க கையால பழம் வாங்கிட்டேன் சார். இனிமே எப்படிச் சொல்றது?"

குறை சொல்லி நிராகரித்திருந்தால் பதில் வைத்திருந்தேன். வயது என்றால் விதியைக் காட்டியிருப்பேன். சான்று போதாது என்றால் அடுத்த பிரதியை எடுத்திருப்பேன். மரியாதையால் நிராகரித்தால் யாரிடம் மேல்முறையீடு செய்வது?

அவர் பழத்தைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார். "ஒரு நாள் ஆபீசுக்கு வாங்க சார். ட்ரெயினிங் வர்றவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."

அந்த இரண்டாவது இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. "வரேம்மா" என்றேன். எனக்குப் பின்னால் என் வகுப்புத் தோழன் ஒருவன் கைபேசியோடு தயாராக நின்றிருந்தான். ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன்.