இஸ்தோப்பில் பெய்த மழை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வாழும் லயத்து வீடுகளைக் கணக்கெடுக்கும் அரசாங்க வேலை எனக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே புது வீடு கட்டுவது என்று முடிவெடுப்பார்கள். கொழுந்தெடுக்கும் மாரியாயியின் வீட்டில், முன்பக்கம் திறந்து கிடந்த இஸ்தோப்பு என்னும் திண்ணையையும் ஓர் அறையாகச் சேர்த்து, “அறை இரண்டு” என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

“அப்ப அந்த ரெண்டாவது அறையிலயே கொஞ்சம் உக்காருங்கய்யா. மழை வருது,” என்றார்.

உட்கார்ந்தேன். சாரல் என் முதுகையும் படிவத்தையும் நனைத்தது. “உள்ளே வரலாமா?” என்று கேட்டேன்.

“வாங்க. ஏழு பேரு இருக்கோம், நின்னுக்கலாம்.”

முடித்திருந்த மூன்று தோட்டங்களுக்கும் திரும்ப நடந்தேன். ஒவ்வொரு படிவத்திலும் இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினேன். அடித்தல் திருத்தலைப் பார்த்து மேலதிகாரி கத்தினார், நான் பின்வாங்கவில்லை.

மாரியாயி வீட்டுப் படிவத்தில் மட்டும் எனக்கு வெட்டும் வேலை இருக்கவில்லை. அந்த இரண்டை மழையே அழித்திருந்தது.