பலெர்மோவுக்கு அம்மா சொன்ன வழி

ஆவி, மறுபிறவி என்று யாராவது பேச்செடுத்தால் மெதுவாக எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள் நான். சமூகவியல் படித்தவள், வால்தம்ஸ்டோவில் அகதிகளுக்கு உதவும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உறவுகளைத் தொலைத்தவர்கள் என் முன்னால் அமர்ந்து, “அவன் நேற்று வந்து கதைச்சவன்” என்று சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மனநல ஆலோசகர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தனுப்புவேன். துக்கம் காதுக்குள் குரலை உண்டாக்கும் என்று படித்திருக்கிறேன், இன்றைக்கும் அதை மறுக்கவில்லை. ஆகவே இதைக் கேட்டுமுடித்தபின் நீங்களும் எனக்கு அப்படியோர் எண்ணைத் தந்தால் கோபிக்கமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நான் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில், அம்மாவையும் என்னையும் விமானத்தில் லண்டனுக்கு அனுப்பிவிட்டு, அப்பா வேறு வழியாகப் பின்னால் வெளிக்கிட்டார். லிபியாக் கரையிலிருந்து ஒருமுறை பேசினார், சிசிலித் தீவுக்குப் படகு ஏறப்போகிறேன் என்று. அதன்பிறகு படகும் வரவில்லை, அதில் போனவர்களில் ஒருவரும் வரவில்லை, ஒரு சட்டைகூடக் கரை சேரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. குட்மேய்ஸில் சுவரெல்லாம் ஈரம் ஊறுகிற அந்த வாடகை வீட்டை விட்டு மாறவும் மறுத்துவிட்டார், ஏனென்றால் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான்.

ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் பெரியப்பா, அப்பாவின் தமையன், சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையோடு இருந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பிக்கு ஒரு பிடி எள்ளுந் தண்ணியும் இறைக்காமல் நான் கண்ணை மூட ஏலாது, பிள்ளை. தர்ப்பையிலை உருவம் செய்து கிரியையை முடிப்பம். கொம்மாவோடை நீதான் கதைக்கோணும்.”

அவர் சொன்னது சரியென்றே எனக்குப் பட்டது. காத்திருப்பு அம்மாவின் மிச்ச ஆயுளையும் தின்றுகொண்டிருந்தது. ஆனால் நேரே போய்க் கேட்பதென்றால், உங்கள் கையாலேயே அவரைக் கொன்றுவிடுங்கள் என்று சொல்வதுபோலாகும் அல்லவா? நீண்ட யோசனைக்குப் பிறகு நடுவழியொன்று கண்டேன். அப்பா போய்ச்சேரவிருந்த தீவின் துறைமுக நகரம் பலெர்மோ. விடுமுறை என்று சொல்லி அம்மாவை அங்கே கூட்டிப்போனால், அந்தக் கடலைக் கண்ணால் கண்டபின் மனம் தானாக ஒரு முடிவுக்கு வரும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். நான் மேசையடியில் அமர்ந்து, அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கான குறிப்புகளைக் கைபேசியில் பார்த்து வாசித்துக் காட்டினேன்.

“அம்மா, எயார்போட்டிலையிருந்து பஸ்ஸாம். ஸ்டேஷன் வாசலிலையே இறக்கிவிடுமாம்.”

“வாசலிலை இறக்காது. தெருவைக் கிண்டிப் போட்டிருக்கிறாங்கள். முன்னுக்கே இறங்கி நடக்கோணும்.”

“ஓமோம், மேயர் உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னவராக்கும்!”

“பகிடி விடாதை. உன்ரை போனை நம்பினால் பெட்டியோடை நடுத்தெருவிலைதான் நிப்பாய்.”

நம்பினால் நம்புங்கள், அதன்பிறகு அம்மா நிறுத்தவேயில்லை. மத்தியானத்தில் கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள், பசியோடு அலையாதே. மழை தூறினால் அந்தக் கல் தெரு வழுக்கும், தட்டையான சப்பாத்துப் போடு. சந்தைக்குள் கைப்பையை முன்னால் பிடி. “கடலை மாவிலை ஒண்டு பொரிச்சுப் பாணுக்குள்ளை வைச்சுத் தருவாங்கள், எங்கடை வடையின்ரை தங்கச்சி மாதிரி. தேசிக்காய் பிழியாமல் தின்னாதை.” சந்தை முடிகிற இடத்தில் ஒரு சலூன், வாசலில் கூட்டுக்குள் கிளி. அதில் வலப்பக்கம் திரும்பவேண்டும், இடப்பக்கம் போனால் முட்டுச்சந்து. மலையில் குகைக்குள்ளே ஒரு மாதாகோயில். பாறைக்கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும், அதைப் பிடிக்கத் தகரப் பீலி கட்டியிருக்கிறார்கள், இருந்தும் தலையில் விழும். “சால்வை ஒண்டு கொண்டு போ, தடிமன் பிடிச்சுப்போடும்.”

பிரித்தானியாவுக்கு வந்தபின் கடல் தாண்டாதவர் அம்மா. கைபேசியை வைத்துவிட்டேன்.

“உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?”

“அப்பா.” கத்தரிக்காயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் சமைக்கேக்கை வந்து அந்தக் கதவடியிலை நிண்டு கதைப்பார். இண்டைக்கு நேற்றே நடக்குது?”

மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, இரத்தத்திலும் குறையில்லை என்றார். இத்தாலியில் இருந்த எங்கள் சனம் பலர் லண்டனுக்கு மாறி வந்திருக்கிறார்கள். கடையிலோ கோயிலிலோ யாராவது சொன்னது அம்மாவின் மனதில் அப்பாவின் குரலாகப் படிந்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கம் என்னை அப்போது தாங்கியது.

பயணத்துக்கு மட்டும் அம்மா இணங்கவில்லை.

“நான் அங்கை வந்திட்டால், அவர் இஞ்சை வந்து ஆரோடை கதைக்கிறது? நீ போயிட்டு வா.”

பால்காரன் வந்தால் ஆர் கதவு திறப்பது என்று கேட்கிற குரலில் அதைச் சொன்னார். பெரியப்பா தந்த எள்ளுப் பொட்டலத்தோடு தனியே போனேன்.

பேருந்து, நிலையத்துக்கு முன்பே நின்றது. சாரதி கையால் காட்டினார்: தெரு முழுக்க வேலியடைத்துக் கிண்டிக் கிடந்தது. சந்தை முடிவில் சலூன் இருந்தது, கிளி இருந்தது. நான் வேண்டுமென்றே இடப்பக்கம் போய்ப் பார்த்தேன், சுவரில் முட்டித் திரும்பினேன். மலைக்கோயிலில் அந்த ஊரில் குடியேறிய எங்கள் சனம் வெறுங்காலோடு, நெற்றியில் விபூதியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். தகரப் பீலிகளைப் பார்த்தபடி நிற்கையில் என் உச்சியில் ஒரு துளி விழுந்தது. சால்வையை விடுதியிலேயே விட்டிருந்தேன். சந்தையையும் கிளியையும் யாராவது சொல்லியிருக்கலாம். கைபேசிக்கே தெரியாமல் புதிதாகக் கிண்டிய தெருவை?

கடற்கரையில் எள்ளுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சிறுவர்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள், ஐஸ்கிறீம் வண்டி பாட்டுப் போட்டது. அம்மா விடை கொடுக்காத ஒருவரை நான் எந்த உரிமையில் அனுப்பிவைப்பது? பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பிக் கொண்டுவந்தேன்.

குட்மேய்ஸில் கதவைத் திறந்த அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

முழுகிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கழுத்தைப் பார்த்தேன். தாலி சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது.

“பெரியப்பாவுக்குப் போன் எடு,” என்றார். “ஐயரோடை கதைச்சு நாள் வைக்கச் சொல்லு.”

“அம்மா, ஆர் வந்து உங்களுக்கு என்ன சொன்னது?”

“ஆர் வாறது? அவர்தான். இனி வரமாட்டாராம்.”

“ஏன்?”

“உன்னைக் கண்டிட்டாராம். அது போதுமாம்.”

“நான் அங்கை ஒருத்தரையும் சந்திக்கேல்லையே!”

“பக்கத்தாலை போனனியாம். அவரைப் பாத்துச் சிரிச்சனியாம்.” அம்மா கதிரையில் அமர்ந்தார். இத்தனை வருடங்களில் நான் கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. “நானும் வந்திருக்கலாம், பிள்ளை. நான் இஞ்சையெல்லே காத்துக்கொண்டு இருந்திட்டன்.”

கிரியை நடந்தது. தர்ப்பையில் செய்த உருவத்துக்கு நான் கொள்ளி வைத்தேன். பெரியப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி தம்பிக்கு எள்ளுந் தண்ணியும் இறைத்தார். அம்மா இப்போது வால்தம்ஸ்டோவில் என்னோடு இருக்கிறார். கடலைப் பற்றியோ அந்த ஊரைப் பற்றியோ பேசுவதில்லை. சமைக்கும்போது கதவுப் பக்கம் திரும்புவதுமில்லை.

அப்பா உயிரோடு அங்கே வாழ்ந்தாரா, இல்லையா என்பதைப் பற்றி நான் உங்களோடு வாதாட வரவில்லை. என்னை உறங்கவிடாதது வேறொன்று. அப்பாவின் முகத்தை எனக்கு ஒரேயொரு இளமைக்காலப் படத்தில்தான் தெரியும். அந்த ஊரில் நான் யாரைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்? வழி காட்டிய சாரதியை. கிளிக்காகச் சலூன்காரரை. படியில் என் பெட்டியைத் தூக்கித் தந்த மனிதரை. மலைப்பாதையில் எனக்காக ஒதுங்கி நின்ற, எங்கள் ஊர்ச் சாயல்கொண்ட ஒருவரை. பெயர் கேட்காமல், நன்றிகூடச் சரியாகச் சொல்லாமல், எல்லோரையும் கடந்து வந்துவிட்டேன்.

ஒருநாள் துணிந்து அம்மாவிடம் கேட்டேன், நான் சிரித்தபோது அவரும் சிரித்தாராமா என்று.

அம்மா அடுப்பைத் தணித்தார்.

“அதை அவர் சொல்லேல்லை,” என்றார்.