ஒரு நாள் திட்டாமல் விட்டேன்

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரியில் புற்றுநோய் ஆய்வுக்கூடம் நடத்துகிறேன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, செல்களை வளர்க்க ஒரு இன்குபேட்டர், கரண்ட் போனால் ஓடுமா ஓடாதா என்று சொல்ல முடியாத ஒரு ஜெனரேட்டர். எம்.எஸ்சி. முடித்து வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: கட்டி தனியாக வளர்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களிடம் ஓயாமல் எதையோ சொல்லி, அவற்றைத் தன் வழிக்குக் கொண்டுவந்துதான் வளர்கிறது. அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்பதே எங்கள் வேலை.

என் வாய் பொல்லாதது. யாராவது கையுறையோடு போனை எடுத்தால் போதும், அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். "இன்னைக்கு யாருக்குடி?" என்று பிள்ளைகள் குசுகுசுப்பது எனக்கும் கேட்கும். கோபித்துக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை.

ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண்தான் என்னிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவள். அவள்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். செல்களுக்குச் சாப்பாடு, மீடியம் என்கிற ஒரு சிவப்புத் திரவம். அது மஞ்சளானதும் உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். வந்த புதிதில் அவள் மறந்துபோவாள், செல்கள் செத்துப்போகும். திட்டித் திட்டியே அந்தப் பழக்கத்தை அவள் கையில் ஏற்றினேன்.

பிறகு பொன்னமராவதிப் பக்கத்து அம்மா ஒருவர், ஆபரேஷனில் எடுத்த தன் கட்டியில் ஒரு துண்டை எங்களுக்குத் தரச் சம்மதித்தார். அவரிடம் பேசிப் புரியவைத்தது இவள்தான். "ஏதாச்சும் தெரிஞ்சா எனக்கும் சொல்லு ஆத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்தத் துண்டிலிருந்து செல்களைப் பிழைக்கவைத்து வாரக்கணக்கில் வளர்த்தாள்.

இந்த ஆய்வில் மட்டும் பழைய மீடியத்தைக் கொட்டக் கூடாது. கட்டி சொல்வதெல்லாம் அதில்தான் கரைந்திருக்கும். எடுத்து வைத்து, நல்ல செல்கள்மேல் ஊற்றி, அவை எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். அவளுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அன்று மஞ்சளைப் பார்த்ததும், கை பழக்கத்தில் உறிஞ்சி கழிவுக்கான ப்ளீச் பாட்டிலுக்குள் தள்ளிவிட்டது. அந்தச் செல்களும் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. மறுபடி எடுக்க வழியில்லாமல் அந்த வாரமே போய்ச் சேர்ந்தன.

"அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்பேன் மேடம்" என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. "பரவாயில்லைம்மா, வீட்டுக்குப் போ" என்றேன். அவ்வளவு மெதுவாக நான் யாரிடமும் பேசியதில்லை. பெரிய மனுஷியாக நடந்துகொண்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மனசு ஆறினால் வருவாள் என்று இருந்தேன். வரவே இல்லை.

சில வருஷம் கழித்து டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சுகர் பார்க்கப் போனேன். ஊசியோடு வந்து நின்றவள் அவள்.

"சாப்பிடாமத்தானே வந்தீங்க மேடம்?"

"ஒரு வாய் காபி மட்டும்."

"காபி குடிச்சிட்டா வந்தீங்க? படிச்ச நீங்களே இப்படிப் பண்ணா வேற யாரு ஒழுங்காப் பண்ணுவா? எந்திரிங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

அப்படியே என் குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில், அன்றைக்கு அப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"நீங்க திட்டலையே மேடம். மத்த நாளெல்லாம் திட்டுவீங்க, மறுநாள் ஒழுங்காப் பண்ணிக் காட்டணும்னு வருவேன். அன்னைக்குத் திட்டலைன்னதும், இனிமே இவளைத் திட்டிப் பிரயோசனமில்லைன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

எத்தனையோ பேருக்கு ஒட்டுக்கேட்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு, நான் சொன்னது எதிரில் நின்ற பெண்ணின் காதில் எப்படி விழுந்தது என்று தெரியாமல் போயிருக்கிறது.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். அவள் ரத்தம் எடுத்து முடித்ததும், "திரும்பி வந்துடும்மா, ஒன் எடம் அப்படியேதான் இருக்கு" என்றேன்.

பஞ்சை என் கையில் வைத்து மடக்கிவிட்டாள்.

"பரவாயில்லை மேடம், வீட்டுக்குப் போங்க" என்றாள், மெதுவாக.

ஒரு வார்த்தை திட்டுவாளோ என்று பஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.