பெட்டி அவங்களுது, போர்டு என்னுது

பழைய ஸ்டீரியோ பெட்டியின் வயிற்றைக் காலி செய்து, உள்ளங்கை அகலத்தில் வருகிற புது ஆம்ப்ளிஃபயர் போர்டைப் பொருத்த எனக்கு அரை நாள் போதும். பெட்டிக்காரர் மனசைச் சமாதானப்படுத்த எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. அடுத்தவர் வீட்டுச் சாமானைத் திறந்து பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு, அது மிக்சியானாலும் கடிகாரமானாலும், நான் சொல்வது புரியும்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் செனவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் லென்சுக்கு அடியில் ஈயத்தை உருக்கிச் சோல்டர் வைத்தவள் நான். ஃபேக்டரியை மூடியதும், லுக்குட்டில் என் வீட்டுக்காரருடைய மோட்டார்சைக்கிள் பட்டறையில் ஒரு மூலையில் மேசை போட்டேன். சுற்றியுள்ள எஸ்டேட் வீடுகளில் பெரிய ஸ்பீக்கரும் இரும்புப் பெட்டியும் இன்னும் இருக்கின்றன. உள்ளே எரிந்துபோன சாமானுக்குத்தான் ஸ்பேர் கிடைப்பதில்லை.

யாரிடம் கொடுப்பது

முதலில் வந்தவர் பக்கத்து எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். பெட்டியை மோட்டார்சைக்கிள் பின்னால் கட்டி எடுத்து வந்து, நேராக என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் என்னைக் காட்டினார். வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்கு வந்த கோளாறை மறுபடியும் அவரிடமே சொல்லத் தொடங்கினார். சத்தம் ஒரு பக்கம் முதலில் போனதா, இரண்டும் சேர்ந்து போனதா என்று நான் கேட்டேன். அதற்கும் பதில் என் வீட்டுக்காரருக்குத்தான் போனது.

மூன்றாம் நாள் பெட்டி பாடியது. ஒரு முழுப் பாட்டையும் நின்று கேட்டவர், என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "எனக்குத் தெரிஞ்ச சத்தம் எக்ஸாஸ்ட் சத்தம் ஒண்ணுதாண்ணே."

கனம்

பெடாஸிலிருந்து முனியாண்டி அண்ணன் கொண்டுவந்த பெட்டியை வேனிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. திரும்ப வாங்க வந்தபோது ஒரு கையாலேயே தூக்கிவிட்டார். தூக்கியதும் முகம் மாறிவிட்டது. உள்ளே இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

கழற்றி வைத்த பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்து காட்டினேன். நாலு செங்கல் கனம் இருக்கும். புது போர்டுக்கு இது தேவையில்லை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பெட்டியை எடுக்கவில்லை. வாங்கிய அன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து லயத்து வீடு வரை அவரும் கூட்டாளியும் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வந்தார்களாம். வழியில் ஆறு இடத்தில் கீழே வைத்தார்களாம். நான் செத்த டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இடத்திலேயே வைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். ஒரு ஒயரும் கொடுக்கவில்லை. அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், மூச்சு வாங்கியது. "இப்பதாம்மா இது என் வீட்டுச் சாமான்."

ஓட்டை

இது என் தப்பு. மறைப்பதற்கில்லை. போர்ட்டிக்சனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தன் அண்ணனுடைய பெட்டியைக் கொண்டுவந்தார். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், கிறிஸ்மஸுக்கு வருவார். அவர் இல்லாதபோது இவர் போட்டுக் கேட்டதில் எரிந்துவிட்டது. வருவதற்குள் பாட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். நானோ உற்சாகத்தில், பென்டிரைவ் சொருகட்டும் என்று முன்பக்க வெள்ளித் தகட்டில் துளை போட்டு ஒரு சாக்கெட்டும் வைத்துவிட்டேன்.

அந்த அம்மா அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. அண்ணன் அந்தத் தகட்டைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார் என்று மட்டும் சொன்னார். சிரம்பானிலிருந்து தம்பின் வரை பழைய சாமான் கடைகளில் அதே தகட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. பெட்டியை அப்படியே கொண்டுபோனார். அந்தக் கிறிஸ்மஸ் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரியில் கேக் டப்பாவோடு வந்தார். அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பார்த்தது அந்த ஓட்டையைத்தானாம். யார் போட்டது என்று கேட்டாராம். "நான்தான் போட்டனான் எண்டு சொல்லிட்டன், என்னோட அவர் ரெண்டு நாள்தான் கோவிப்பார், உங்களை எண்டால் விடமாட்டார்."

முள்

கெமாஸில் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரை அவர் மகள் கூட்டி வந்தாள். பெட்டியின் முகப்பில் கண்ணாடிக்குள் இரண்டு முள் உண்டு. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி ஆடும். மகள் என்னை ஓரமாக அழைத்து, அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, பெட்டி இல்லாமல் வீட்டில் நிம்மதியாக உட்கார மாட்டேன் என்கிறார், லைட் எரிகிற மாதிரி செய்து கொடுத்தால்கூடப் போதும் என்றாள். நான் ஒழுங்காகவே செய்தேன். புது போர்டு அருமையாகப் பாடியது. முள்ளை ஆட்டிவைத்த பழைய போர்டு குப்பைக்குப் போயிருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

வாங்க வந்த அன்று பாட்டைப் போட்டேன். என் வீட்டுக்காரர்கூட ஸ்பேனரை வைத்துவிட்டுக் கேட்டார். பெரியவர் முள் அசையாத கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாடல" என்றார். பாடுகிறது என்று மகள் காதருகே கத்தினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் பாட்டுக் கேட்டது அந்த முள்ளில்தான்.

இரண்டு வாரம் தவணை கேட்டேன். முள்ளை ஆட்டுவதற்கென்றே ஒரு சின்ன போர்டு வாங்கிச் சேர்த்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தார். முள் எழும்பியதும் அவர் உதடும் அசைந்தது. பாடகர் வாய் திறக்கிற இடத்தில் இவரும் திறந்தார். மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் அவர் விரலை நீட்டி, இடது பக்கம் சத்தம் குறைவு என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. திறந்து பார்த்தால், பாடுகிற போர்டிலேயே இடது பக்கத்தில் நான் வைத்த ஒரு சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை. திரும்ப வைத்ததும் இரண்டு முள்ளும் ஒன்றாக எழும்பின.

பெரியவர் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காது கேக்கற நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

சோல்டர் வைக்க ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கத்தான் எனக்கு இத்தனை பெட்டி தேவைப்பட்டது.